இடுப்பில் உறுத்தும் துப்பாக்கி உறை: எங்கே வலிக்கிறது, எதை மாற்றுவது

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத் தொடங்குபவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது துப்பாக்கியில். மிச்சம் மீதியில் ஏதோ ஒரு ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. சில நாள் இடுப்பில் கட்டிப் பார்ப்பார்கள். குத்தும், அரிக்கும், உட்கார முடியாது. பிறகு கார் ஓட்டும்போது மட்டும் கழற்றி இருக்கைக்கு நடுவே வைப்பார்கள். அப்புறம் கைப்பைக்குள் போகும். கடைசியில் காரின் முன்னறையிலேயே (க்ளவ் பாக்ஸ்) தங்கிவிடும். துப்பாக்கி திருட்டுப்போவதும் குழந்தை கையில் சிக்குவதும் இந்தப் படிகளில்தான். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊர் வால்மார்ட்டில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் இறந்துபோனார். உடம்போடு இருக்க வேண்டிய ஆயுதம் உடம்பை விட்டு விலகியதன் விலை அது. ஆகவே உறை உறுத்தாமல் இருப்பதை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறுத்தல் வந்ததும் புது உறை வாங்கத் தோன்றும். பெரும்பாலான தொல்லைகள் பெல்ட், இடம், உயரம், சாய்வு ஆகிய நான்கில் ஒன்றைத் திருத்தினாலே அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் சில நாள் வீட்டிலேயே, தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, உட்கார்ந்து எழுந்து குனிந்து பாருங்கள். மூன்றையும் நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

தொடங்குமுன் சட்டம்

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தடைக்கு உட்படாத 21 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் கட்டாயமில்லை. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் உரிமம் இல்லாமல் முடியாது. ஒரு மாநிலம் தந்த உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லும் என்று நினைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். தபால் நிலையத்துக்குள் எந்த மாநிலத்திலும் கொண்டு போகக் கூடாது.

சுகத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதவை

உறை ட்ரிகரையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுதாக மூட வேண்டும். மூடும் பகுதி விரலால் அழுத்தினால் அமுங்காத கெட்டியான பொருளாக இருக்க வேண்டும். துப்பாக்கியை உருவியபின் உறையின் வாய் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது. (இந்தச் சோதனை தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, மெத்தைக்கு மேலே.)

கிளாக் போன்ற துப்பாக்கிகளில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் இல்லை. ட்ரிகரை அழுத்தச் சுமார் இரண்டரைக் கிலோ விசை போதும். சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிற்றின் பிளாஸ்டிக் முடிச்சோ உள்ளே சிக்கினால் அந்த விசை கிடைத்துவிடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ் 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், உறை இல்லாமல் கால்சட்டை இடுப்பில் செருகியிருந்த கிளாக் நழுவி வெடித்துத் தன் தொடையிலேயே குண்டு வாங்கினார். ஆயுதச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. உறுத்துகிறது என்பதற்காக வெறும் துப்பாக்கியை இடுப்பில் செருகுவதும், எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் தொளதொள நைலான் உறையில் போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி இடங்களைக் கடிகார முள் கணக்கில் சொல்வேன். தொப்புள் 12 மணி, வலது இடுப்பின் பக்கவாட்டு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி. இடக்கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். உறையில் எந்தத் திருகைத் தொட்டாலும் முதலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், துப்பாக்கிக்குள் தோட்டா நிற்கும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வையுங்கள்.

கால்சட்டை கீழே இறங்குகிறது, துப்பாக்கி ஆடுகிறது, பெல்ட்டை இறுக்கினால் வயிறு வலிக்கிறது

குற்றவாளி பெல்ட். வேறு எந்தத் தொல்லையாக இருந்தாலும் இங்கிருந்தே தொடங்குங்கள். கிளாக் 19 முழுத் தோட்டாக்களோடு ஏறக்குறைய 850 கிராம். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய தோல் பெல்ட் அந்த எடையில் முறுக்கிக்கொள்ளும், துப்பாக்கியின் மேல்பகுதி வெளியே சாயும். சாய்வதைத் தடுக்க நீங்கள் இன்னும் ஒரு துளை இறுக்குவீர்கள், இடுப்பு முழுக்க வலிக்கும். துப்பாக்கிக்கென்றே செய்த பெல்ட் குறுக்குவாட்டில் மடங்காது. ஆகவே அதை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை. துளைக்குப் பதில் பல்வரிசை வைத்து, கால் அங்குலம் கால் அங்குலமாகக் கூட்டிக் குறைக்கும் வகை இன்னும் நல்லது. சாப்பிட்டபின் ஒரு பல் தளர்த்தலாம்.

பெல்ட்டின் அகலமும், உறையைப் பெல்ட்டில் மாட்டும் கிளிப்பின் அகலமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அங்குலப் பெல்ட்டில் ஒன்றேமுக்கால் அங்குலக் கிளிப் மாட்டினால் கால் அங்குலம் ஆட்டம் இருக்கும். நாள் முழுக்க அந்த ஆட்டம் தோலை உரசும். கால்சட்டையின் உட்புறம் வைக்கும் உறையானால் இடுப்பளவு ஓர் அங்குலமோ இரண்டோ கூடுதலாக வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் வேறெதுவும் சரிப்படாது.

உட்கார்ந்தால் தொடை இடுக்கில் குத்துகிறது

12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே, அடிவயிற்றின் முன்பக்கம் வைப்பவர்களின் தொல்லை இது. அப்பெண்டிக்ஸ் என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தைத்தான். நின்றால் அருமையாக இருக்கும். உட்கார்ந்ததும் தொடை மேலே வந்து குழல் முனையில் இடிக்கும்.

செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள். உறையை அரை அங்குலம் இடமாகவோ வலமாகவோ நகர்த்துங்கள். தொடை மடியும் கோடு ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே வந்தாலே சிலருக்குக் குத்தல் நின்றுவிடும். பெல்ட் பக்கிளும் உறையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், பக்கிளை இடுப்பின் மறுபக்கம் தள்ளிக் கட்டுங்கள். பிறகு கிளிப்பை அடுத்த துளையில் மாட்டி உறையைச் சற்று உயர்த்துங்கள். ஆனால் ஓர் எல்லை உண்டு. துப்பாக்கியின் எடை பெல்ட்டுக்கு மேலே ஏறிவிட்டால் பிடி வெளிப்பக்கம் கவிழும்.

அடுத்தது வெட்ஜ். உறையின் உட்புறம், உடம்பைத் தொடும் பக்கத்தில், குழல் முனைக்கருகே ஒட்டும் பஞ்சுத் துண்டு அது. அது குழல் முனையை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்தும். நெம்புகோல்போல மேலே இருக்கும் பிடி உடம்போடு சேர்ந்துகொள்ளும். குத்தலும் குறையும், வெளியே தெரிவதும் குறையும். கடையில் விற்பதை வாங்கலாம். பழைய யோகா பாயை வெட்டி வெல்க்ரோவில் ஒட்டியும் செய்யலாம். வெல்க்ரோவில் ஒட்டினால் இடம் மாற்றிப் பார்ப்பது சுலபம். குழல் முனையின் விளிம்பு பஞ்சுக்கு வெளியே துருத்தாதபடி வையுங்கள். தொப்பை உள்ளவர்களுக்குத் தடிமனான மென்பஞ்சு ஒத்துப்போகும்; ஒல்லியானவர்களுக்குச் சன்னமானதே போதும்.

இன்னும் குத்தினால், நம்பக் கடினமான ஒன்றைச் சொல்கிறேன்: நீளமான உறையை முயலுங்கள். சிறிய துப்பாக்கிக்குச் சிறிய உறைதான் சுகம் என்று மனம் சொல்லும். சிக் சாவர் பி365 போன்ற குட்டித் துப்பாக்கியின் குழல் மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும். பெல்ட்டுக்குக் கீழே பிடிமானம் போதாமல் அது முன்னோக்கிக் கவிழும், அதன் கூர்முனை ஒரே புள்ளியில் அழுத்தும். அதே துப்பாக்கிக்கு ஓர் அங்குலம் நீட்டிச் செய்த உறை, அழுத்தத்தை நீளவாக்கில் பரப்பும், கவிழ்வதும் நிற்கும். குட்டையான இடுப்பு உள்ளவர்களுக்கு இது சரிவராமல் போகலாம், ஆகவே திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த இடத்தில் குழல் உங்கள் தொடையின் பெரிய இரத்தக்குழாயை நோக்கி இருக்கிறது. புதியவர்கள் இடுப்பில் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் செருகாதீர்கள். உறையைக் கழற்றிக் கையில் எடுத்து, குழல் எவரையும் நோக்காதபடி பிடித்து, துப்பாக்கியை உள்ளே வைத்து, இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுங்கள். உறைக்குள் வைப்பதில் எந்த அவசரமும் எந்நாளும் இல்லை.

இடுப்பெலும்பில் வலி, பக்கவாட்டில் தழும்பு

சரியாக 3 மணியில் எலும்புக்கு மேல் தசை குறைவு. அங்கே கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த உறை உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்துக்கு, 4 மணிக்கு நகர்த்துங்கள். குழல் பின்னோக்கிப் போகும்படி 10 முதல் 15 பாகை சாய்வு கொடுங்கள். சாய்வு பிடியை விலாவின் வளைவோடு படியவைக்கும்.

அப்படியும் வலித்தால், உடம்புப் பக்கம் அகலமான தோலோ துணியோ வைத்து, முன்பக்கம் கைடெக்ஸ் ஓடு பொருத்திய கலப்பு உறையைப் பாருங்கள். எடை உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். குறையும் உண்டு: அந்தத் தோல் நாளடைவில் நெகிழ்ந்து வாய்ப்பகுதியில் உள்ளே மடியும், மடிப்பு ட்ரிகருக்குள் நுழையலாம். மாதம் ஒருமுறை பாருங்கள்.

உறுத்தவில்லை என்று 6 மணிக்கு, முதுகுத்தண்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மல்லாக்க விழுந்தால் இரும்புத் துண்டின்மேல் முதுகெலும்பு விழும். குனிந்தால் சட்டை தூக்கிக்கொள்ளும், பின்னால் நிற்பவர் பார்ப்பார், உங்களுக்குத் தெரியாது.

தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகிறது, எரிகிறது

இதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்கருகே வருகிறது. இறுக்கமான பெல்ட்டும் கனமான கருவிப் பெல்ட்டும் அதை அழுத்தும். உறையை எடுத்துவிடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், சில நாள் விடுங்கள். உணர்வு திரும்பியதும் இடத்தை மாற்றித் தொடங்கலாம். திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பஞ்சும் சாய்வும் இதற்கு மருந்தாகா.

தோல் உரிகிறது, அரிக்கிறது, சொறி வருகிறது

டெக்சாஸ், அரிசோனா கோடையில் இது வராதவர் அரிது. உறைக்கும் தோலுக்கும் நடுவே, உடம்போடு ஒட்டிய பனியன் ஒன்று போடுங்கள். நீளமாக இருக்கட்டும், கால்சட்டைக்குள் செருகிவிடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டு உடைக்கான, விரைவில் உலரும் துணி மேல். துப்பாக்கியின் பின்பகுதி விலாவில் உரசினால், உறையின் உட்பக்கத் தடுப்பு உயரமாக உள்ளதாகப் பாருங்கள். புதுக் கைடெக்ஸின் விளிம்பு கூராக இருந்தால் நுண்ணிய மணல்தாளால் தேய்த்து உருட்டலாம். ட்ரிகர் பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

உரசல் இல்லாத இடத்தில்கூட, கிளிப்போ தோலோ பட்ட அளவுக்குத் திட்டாகச் சொறி வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உலோகத்தில் உள்ள நிக்கலும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளா. பிளாஸ்டிக் கிளிப்புக்கும், தாவரச் சாறில் பதனிட்ட தோலுக்கும் அல்லது முழுக் கைடெக்ஸுக்கும் மாறுங்கள்.

வேர்வை துப்பாக்கியையும் தின்னும். இரவு துடைத்து மெல்ல எண்ணெய் தடவுங்கள். கைடெக்ஸைத் துப்பாக்கி இல்லாமல் தண்ணீரில் கழுவி உலர்த்தலாம். தோலைக் கழுவாதீர்கள், எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், கெட்டித்தன்மை போய்விடும்.

சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிகிறது

காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடியின் அடிப்பகுதி. குழல் கால்சட்டைக்குள் மறைந்துவிடும். பிடி மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே குட்டைக் குழல் வாங்குவதால் பலன் குறைவு, குட்டைப் பிடியால் பலன் அதிகம். உறையில் கிளா என்ற சிறு இறக்கை உண்டா பாருங்கள். அது பெல்ட்டின் உட்புறத்தில் முட்டி, பிடியை உடம்புப் பக்கம் திருப்பும். பல உறைகளில் இதைத் தனியாக வாங்கித் திருகலாம். கிளா பிடியைத் திருப்பும், வெட்ஜ் சாய்க்கும். இரண்டும் சேர்ந்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

சட்டை ஓர் அளவு பெரிதாக, கட்டமோ பூவோ போட்டதாக இருக்கட்டும். ஒரே நிற மெல்லிய சட்டை எல்லாவற்றையும் காட்டும். கண்ணாடி முன் நின்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கையை மேலே தூக்கி, குனிந்து, வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பொது இடத்தில் அடிக்கடி தொட்டுச் சரிசெய்யும் கை, புடைப்பைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

காரில் தாங்க முடியவில்லை

4 மணியில் வைப்பவர்களுக்கு இருக்கையின் பக்கத் திண்டு இடிக்கும். சாய்வை ஒரு படி பின்னே தள்ளுங்கள். சீட் பெல்ட் துப்பாக்கியை அழுத்தாமல் அதற்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் படியட்டும்; மாட்டியபின் சட்டையை வெளியே இழுத்துவிடுங்கள். நெடும்பயணமே உங்கள் அன்றாடமானால் அப்பெண்டிக்ஸ் இடத்தைப் பழகுங்கள்.

காருக்குள் துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, இறங்கும்போது திரும்பச் செருகும் பழக்கம் மட்டும் வேண்டாம். குறுகலான இடம், வளைந்த உடம்பு, அவசரம், சுற்றிலும் குடும்பம். வேண்டுமென்றால் உறையோடு சேர்த்தே கழற்றி, காரில் கம்பியால் கட்டிய பூட்டுப் பெட்டியில் வையுங்கள். கழிப்பறையிலும் இதே விதி: உறையை விட்டு உருவாதீர்கள், கொக்கியில் மாட்டாதீர்கள், தண்ணீர்த் தொட்டியின்மேல் வைக்காதீர்கள். பெல்ட்டை முழங்காலுக்கு மேல் மாட்டி வைத்தால் துப்பாக்கி கால்சட்டைக்குள்ளேயே இருக்கும்.

உருவினால் உறையும் சேர்ந்து வருகிறது, அல்லது துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது

உறை சேர்ந்து வந்தால் கிளிப் பெல்ட்டின் அடிவிளிம்பைக் கவ்வவில்லை. வெறும் துணியில் மாட்டிய கிளிப்பும் இப்படித்தான். அடியில் கொக்கி வளைவுள்ள கிளிப்போ, பட்டன் வைத்த வளையமோ போடுங்கள். சிக்கிக்கொண்டால் இறுக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். திருகு தானாகக் கழல்வதைத் தடுக்க, கழற்றக்கூடிய நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி. துப்பாக்கியில் விளக்கு பொருத்தியிருந்தால் அந்த விளக்குக்கென்றே செய்த உறைதான் வேண்டும். அத்தகைய உறைகளில் ட்ரிகருக்குப் பக்கத்தில் இடைவெளி அதிகமாகவே இருக்கும், சட்டை நுனி நுழையாமல் கூடுதல் கவனம் தேவை.

பெண்களுக்கு: பிடி விலாவில் குத்துகிறது, பெல்ட்டே இல்லாத உடை

கடையில் உள்ள உறைகளில் பெரும்பாலானவை ஆணின் நேரான இடுப்பை மனதில் வைத்தவை. பெண்ணின் இடுப்பு கீழே விரிவதால், 3 மணியில் குழல் வெளியே தள்ளப்பட்டு பிடி விலாவுக்குள் போகும். பெரும்பாலோருக்கு 1 மணி அல்லது 2 மணியில், சற்று உயரம் குறைத்து, வெட்ஜோடு வைத்தால் சரியாகிறது.

சுடிதார், லெகிங்ஸ், புடவை ஆகியவற்றில் பெல்ட் இல்லை. நாடா இந்த எடையைத் தாங்காது. வயிற்றுப் பட்டைதான் வழி. வெறும் இழுதுணிப் பை மட்டும் உள்ள பட்டை வேண்டாம். ட்ரிகரை மூடும் கைடெக்ஸ் ஓடு தைத்த பட்டையைத் தேடுங்கள். மார்புக்குக் கீழே இறுக்கினால் மூச்சு முட்டும், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கட்டுங்கள். புடவைக்குள்ளிருந்து விரைவாக உருவ முடியாது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். கோயில் விழாவுக்குப் போகிறீர்கள் என்றால் வாசலில் தடை அறிவிப்பு இருக்கிறதா என்று கிளம்புமுன்னே விசாரித்துவிடுங்கள்.

எதை மாற்றியும் தீரவில்லை

துப்பாக்கியே உங்கள் உடம்புக்குப் பெரிதாக இருக்கலாம். கிளாக் 19 வெறுமையாகவே 600 கிராமைத் தாண்டும், பி365 அரைக் கிலோ. இலகுவானது சுடும்போது அதிகம் உதைக்கும், ஆகவே வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள். அலுமினியச் சட்டகம் கொண்ட ஐந்து தோட்டா ரிவால்வரை, கால்சட்டைப் பையில் வைப்பதற்கென்றே செய்த உறையில் போட்டு முன்பையில் வைப்பவர்களும் உண்டு. அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது.

அதுவும் ஒத்துவராத நாளில் துப்பாக்கியை வீட்டிலேயே, பிள்ளைகள் திறக்க முடியாத பெட்டகத்தில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். கைப்பையிலும் காரின் முன்னறையிலும் போட்டுக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல்.